மங்கம்மாளைச் சத்திரத்துக்குள் பூட்டாதீர்கள்

மதுரையில் யாரைக் கேட்டாலும் ராணி மங்கம்மாளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வார்கள். சாலை போட்டார், சத்திரம் கட்டினார், கடைசியில் பேரன் சிறை வைத்ததால் பட்டினி கிடந்து இறந்தார். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் வெற்றிலைக் கதையைச் சேர்ப்பார்கள்: ஒருநாள் ஏதோ நினைவில் இடக்கையால் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார், அது பாவம் என்று பதறினார், பரிகாரமாகத்தான் இத்தனை சாலைகளும் சத்திரங்களும் எழுந்தன என்று. அதற்கும் மேல் தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அமைச்சர் அச்சையாவின் பெயரை இழுப்பார்கள்.

இந்தச் சித்திரத்தை நம்புகிறவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. பெரும்பாலோர் மங்கம்மாளை மனதார நேசிப்பவர்கள். திருநெல்வேலிச் சீமையில் சாலையோர மரத்தைக் காட்டி "மங்கம்மா வச்சது" என்று சொல்லும் பெரியவரின் குரலில் நன்றி இருக்கிறது. அவர்கள் தரப்பில் நியாயமும் உண்டு. எத்தனையோ அரசர்களின் போர்கள் மறந்துபோக, நிழலும் தண்ணீரும் சோறும் கொடுத்தவர் பெயர்தானே முந்நூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது? ஓர் அரசிக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு சின்னத் தவறுக்கே இவ்வளவு வருந்தியவர் எவ்வளவு தூய மனத்தவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

நான் இதை முழுதாக மறுக்கிறேன். இந்தப் புகழ்ச்சி 1689 முதல் 1706 வரை மதுரை நாட்டை ஆண்ட ஒருவரிடமிருந்து அந்த ஆட்சியையே பிடுங்கிக்கொள்கிறது. அவர் செய்ததை எல்லாம் குற்ற உணர்ச்சியாகவும் இரக்கமாகவும் ஆசையாகவும் மாற்றிவிட்டு, அவருடைய அறிவுக்கு மட்டும் இடமில்லாமல் செய்துவிடுகிறது.

1. பரிகாரத்துக்காக யாரும் ராஜபாட்டை போடுவதில்லை.

மங்கம்மாள் கையில் நாடு வந்த விதத்தைப் பாருங்கள். கணவர் சொக்கநாத நாயக்கர் 1682இல் இறந்தார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் ஏழே ஆண்டுகளில் அம்மை கண்டு இறந்தார். கர்ப்பிணியாக இருந்த மருமகள் முத்தம்மாள் விஜயரங்க சொக்கநாதனைப் பெற்றெடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையின் பெயரால் 1689இல் ஆட்சிப் பொறுப்பு பாட்டியிடம் வந்தது. தலைநகர் அப்போது மதுரையில் இல்லை. சொக்கநாதர் காலத்திலேயே திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. நாடோ தெற்கே திருநெல்வேலி தாண்டி நீண்டு கிடந்தது. நடுவில் பாளையங்கள். ஒவ்வொரு பாளையக்காரரும் காவலுக்கும் கப்பத்துக்கும் மையத்தின் கையை எதிர்பார்த்திருக்கும் வரைதான் அடங்கியிருப்பார். மையத்தின் கை எட்டாது என்று தெரிந்த மறுநாள் கப்பம் நின்றுவிடும்.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கன்னியாகுமரி வரைக்கும் உள்ள நாட்டை ஆள வேண்டியவருக்குச் சாலை என்றால் என்ன பொருள்? வரி வருகிற வழி அது. படை போகிற வழி. ஓலையோடு ஆள் ஓடுகிற வழி. காசியிலிருந்து ராமேசுவரம் வரும் யாத்திரிகனும் நெல் மூட்டை ஏற்றிய பொதிமாடும் கள்வர் பயமில்லாமல் நடக்கிற வழி. அந்த வழியில் குறித்த தூரத்துக்கு ஒரு சத்திரமும் கிணறும் தண்ணீர்ப் பந்தலும் இருந்தால்தான் வணிகன் அந்த வழியைத் தேர்வான். அவன் வந்தால்தான் சுங்கமும் வரும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தை அதன் காலத்து வழிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், தனியாக நிற்கும் தர்மக் கட்டடமாக அது தோன்றாது. ஒரு வலைப்பின்னலின் கண்ணியாகத் தெரியும்.

இவ்வளவு திட்டமும் செலவும் ஆள்பலமும் கேட்கும் வேலையை ஒரு வெற்றிலைக்குக் கணக்கு எழுதுவது எப்படிப் பொருந்தும்? ஷேர் ஷா நெடுஞ்சாலை போட்டதற்கு எந்தக் கை தவறியது என்று யாரும் கேட்பதில்லை. திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்கும் எந்தப் பாவத்தையும் நாம் தேடவில்லை. ஆண் கட்டினால் அது திட்டம் என்றும் பெண் கட்டினால் பிராயச்சித்தம் என்றும் சொல்ல நம் நாக்கு பழகியிருக்கிறது. அவருக்கு இரக்கமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இரக்கம் இருந்திருக்கலாம். இரக்கம் மட்டும் சாலை போடாது.

2. "டில்லிக்குப் பணிந்துபோனவர்" என்ற பழி காலக்கணக்கு தெரியாத பழி.

செருப்புக் கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முகலாயப் பேரரசரின் செருப்பை யானை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவருவார்கள், ஆள்வோர் அதை வணங்க வேண்டும், மதுரையின் இளைஞர் ரங்ககிருஷ்ணரோ அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு "இன்னொன்று எங்கே?" என்று கேட்டார் என்பது கதை. வீரமான மகன், பணிந்துபோன தாய் என்று இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பேசுவார்கள்.

கதை நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். ரங்ககிருஷ்ணர் இறந்தது 1689இல். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையின் முன் வந்து இறங்கியது 1690இல். மகன் மறுத்தபோது பேரரசின் பெரும்படை தமிழ்நாட்டில் இல்லை. தாய் முடிவெடுக்க வேண்டி வந்தபோது அந்தப் படை செஞ்சியில் கூடாரம் அடித்திருந்தது. 1698இல் செஞ்சி விழும் வரை இந்தப் பக்கத்தை விட்டுப் போகவும் இல்லை. செஞ்சிக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். தஞ்சையை ஆண்ட ஷாஜி அந்த ராஜாராமுக்குப் பங்காளி முறை. அந்த ஷாஜியே 1694இல் சுல்பிகார் கானுக்குக் கப்பம் கட்ட இசைந்தார். ரத்த உறவுக்காரரே இறங்கிவந்த இடத்தில் மங்கம்மாள் எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறோம்?

கப்பம் கட்டிய அவர் அதற்குப் பதிலாக எதையும் பெறாமல் இருக்கவும் இல்லை. தஞ்சை மராட்டியர் பிடித்துவைத்திருந்த சில பகுதிகளை முகலாயர் உதவியோடு மீட்டுக்கொண்டார். வடக்கே அடங்கிப் போனதால் தெற்கிலும் கிழக்கிலும் கை ஓங்கியது. திருவிதாங்கூர் கப்பத்தை நிறுத்தி, வசூலிக்கப் போன படையையும் வீழ்த்தியபோது, 1697இல் தளவாய் நரசப்பையாவை அனுப்பி நிலுவையை வாங்கினார். பின்னர் தஞ்சைப் படை எல்லையில் கொள்ளையடித்ததும் அதே நரசப்பையா கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள்ளேயே புகுந்தார். தஞ்சை அமைச்சர் பாலாஜி பண்டிதர் பணம் திரட்டிக் கொடுத்துத்தான் சமாதானம் வாங்க முடிந்தது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் கவர்கிறது. மைசூர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டுத் தண்ணீரைத் தடுத்தார். நேற்று வரை அடித்துக்கொண்ட திருச்சியும் தஞ்சையும் சேர்ந்து படை திரட்டின. படை போய்ச் சேரும் முன் வெள்ளமே அணையை உடைத்துவிட்டது என்பதால் போர் நடக்கவில்லை. ஆனால் யாரோடு சண்டை, எதற்குச் சண்டை, எப்போது அதை நிறுத்திக் கைகோத்துக்கொள்வது என்று தெரிந்த ஒரு மூளை அங்கே வேலை செய்திருப்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டுகிறது. காவிரிக்காகப் பகைவனோடு சேர்ந்த அரசியை நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதே இல்லை. வெற்றிலையைச் சொல்லித்தருகிறோம்.

கணவரின் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். தஞ்சை விஜயராகவ நாயக்கர் பெண் கொடுக்க மறுத்தார் என்பதற்காக 1673இல் சொக்கநாதர் தஞ்சையை அழித்தார். விஜயராகவர் அந்தப்புரத்தையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போரில் மாண்டார். வென்ற தஞ்சையைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட அழகிரி நாயக்கர் தனிக்கொடி பிடித்தார். அந்தக் குழப்பத்தில் மராட்டியரான ஏகோஜி புகுந்தார். தஞ்சை மராட்டியர் கைக்குப் போயிற்று. ஒரு திருமணக் கோபம் மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு புதிய பகையை உட்கார வைத்தது. அதை உணர்ச்சிவசப்பட்ட ஆட்சி என்று யாரும் எழுதவில்லை. உணர்ச்சியெல்லாம் மங்கம்மாளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

3. எல்லா மதத்தையும் அரவணைத்த "தாயுள்ளம்" என்பதும் பாதிதான் உண்மை.

மதுரைப் பட்டுநூல்காரர் வழக்கை எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர சமூகத்தார் உபாகர்மம் செய்தார்கள் என்று அந்தச் சமூகத்தைச் சேர்ந்த 18 பேரை மதுரை அதிகாரி பிடித்து அடைத்தார். பிராமணச் சடங்கு செய்ய இவர்களுக்கு உரிமை உண்டா என்பது கேள்வி. வழக்கு அரசியிடம் வந்தது. அவர் இரக்கப்பட்டு விடுதலை செய்துவிட்டுப் போகவில்லை. சாத்திரம் தெரிந்தவர்களைக் கூட்டினார், இரு தரப்பும் பேச வைத்தார், அவர்கள் கொடுத்த முடிவை ஓலையில் எழுதுவித்துச் சமூகத்தாரிடம் கொடுத்தார். 1705இல் எழுந்த இந்த ஓலையைச் சௌராஷ்டிரர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாக நெடுங்காலம் காட்டிவந்தார்கள். தன் அதிகாரியின் முடிவையே விசாரணை வைத்து மாற்றி, மாற்றியதை எழுத்தில் நிலைநிறுத்தியது அது. நெசவாளர்கள் நகரத்தின் செல்வம் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஜாதி ஏற்றத்தாழ்வை அவர் கேள்வி கேட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த அடுக்குக்குள்ளேயே நின்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் அது தீர்ப்பு.

கிறிஸ்தவப் பாதிரியார்கள் விஷயமும் இதே வகைதான். 1693இல் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் ஆணையால். திருச்சியிலோ பூஷே பாதிரியார் அரசவையில் மரியாதையோடு வரவேற்கப்பட்டார். நாடுகளின் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு பூகோள உருண்டையைத் தளவாய்க்குக் கொடுத்ததாக அந்தப் பாதிரியாரின் கடிதம் சொல்கிறது. சேதுநாட்டில் சிறைப்பட்ட மெல்லோ பாதிரியாரை விடுவிக்கச் சொல்லி மங்கம்மாள் ஆள் அனுப்பினார். கருணைதான். ஆனால் மதுரையின் மேலாதிக்கத்தை உதறிக்கொண்டிருந்த ஒரு சேதுபதியிடம், உன் சிறையில் இருப்பவனைப் பற்றி நான் பேசுவேன் என்று சொல்வது அரசியலும்கூட. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். ஆண் அரசர்களிடம் அப்படி இருப்பதை நாம் சிரமமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம்.

4. இறப்புக் கதை ஒரு தண்டனைக் கதை.

அச்சையாவோடு தொடர்பு, பேரன் பெரியவனான பிறகும் ஆட்சியை விட மனமில்லாமை, சிறை, கண்ணுக்குத் தெரிகிற ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் சோறு. சோறு போட்டவளுக்குச் சோறில்லாமல் சாவு என்று கதை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். வாழ்க்கை இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். இதைச் சொல்பவர்கள் அவர் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டிச் சொல்வதில்லை. வழிவழியாகக் கேட்டதைச் சொல்கிறார்கள். ஆங்கிலேயக் கலெக்டர்கள் காலத்தில் அது அச்சேறியது, பிறகு நாவலும் நாடகமும் அதை வளர்த்தன.

1689இல் பிறந்த பேரனுக்கு 1706இல் பதினேழு வயது. பட்டத்துக்கு யார் என்பதில் பாட்டிக்கும் பேரனைச் சூழ்ந்தவர்களுக்கும் உரசல் வந்திருக்கலாம். எந்த அரண்மனையிலும் வரும். ஆனால் அந்த உரசலை ஒரு பெண்ணின் படுக்கையறைக் கதையாக மாற்றினால் ஒரு தரப்புக்கு மட்டுமே லாபம். பதவி மாற்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. மங்கோலியப் பேரரசில் ஒகொதெய் கான் 1241இல் இறந்ததும் அவர் மனைவி தோரெகெனே ஐந்து ஆண்டு ஆட்சியைக் கையில் வைத்திருந்து, 1246இல் மகன் குயுக்கைக் கானாக்கினார். குயுக் இறந்ததும் அவர் மனைவி ஓகுல் கைமிஷ் அதே இடத்தில் அமர்ந்தார். 1251இல் ஆட்சி வேறு கிளைக்குப் போனது. அந்தக் கிளையின் தாய் சோர்காக்தானி; அவர் மகன் மோங்கே கானானார். அதன்பின் ஓகுல் கைமிஷ் மேல் சூனியக் குற்றம் சாட்டிக் கொன்றார்கள். நமக்கு அந்தக் காலத்தைச் சொல்லும் பெரிய வரலாற்றாசிரியர்கள் ஜுவைனியும் ரஷீத் அல்-தீனும். இருவரும் சோர்காக்தானியின் வம்சத்தாரிடம் வேலை பார்த்தவர்கள். அவர்கள் எழுத்தில் சோர்காக்தானி அறிவின் சிகரம், தோரெகெனே சூழ்ச்சிக்காரி, ஓகுல் கைமிஷ் மந்திரவாதிகளோடு பொழுதைக் கழித்தவர். மூவரும் செய்தது ஏறக்குறைய ஒரே வேலை: கணவன் இல்லாத இடத்தில் மகனுக்காக அரசியல் நடத்தினார்கள். யார் மகன் வென்றான் என்பது அவர்கள் ஒழுக்கத்தைத் தீர்மானித்தது.

அச்சையாவோடு உறவு இருந்தது என்றே ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால்? இருந்துவிட்டுப் போகட்டும். திருமலை நாயக்கருக்கு 200க்கும் மேற்பட்ட மனைவியர் என்று எழுதியிருக்கிறார்கள். அதை வைத்து மகாலின் தூண்களை யாரும் எடைபோடவில்லை.

5. "பெண்கள் கைக்குப் போனதால் நாயக்கர் ஆட்சி அழிந்தது" என்பது கண்ணெதிரே இருக்கும் வரிசையைப் படிக்காத பேச்சு.

மங்கம்மாளுக்குப் பின் 1706 முதல் 1732 வரை ஆண்டவர் அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதர். முழு வயது வந்த ஆண் அரசர். கோயில் கோயிலாக யாத்திரை போனார், நகையும் நிலமும் அள்ளிக் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் அவர் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் சிலைகளை இன்றும் பார்க்கலாம். நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது, கருவூலம் வற்றியது. மங்கம்மாள் மேல் நாம் சுமத்தியிருக்கிற சித்திரம், தர்மமும் பக்தியுமாகவே வாழ்ந்துவிட்டுப் போனவர் என்பது, பொருந்துவது இவருக்குத்தான்.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி மீனாட்சி 1732இல் பொறுப்பேற்றார். உடனே நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த வங்காரு திருமலை உரிமை கோரினார். 1734இல் ஆற்காட்டு நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையோடு வந்தபோது, வங்காரு திருமலை சப்தர் அலியின் ஆதரவைத் தேடிக்கொண்டார். மீனாட்சி சந்தா சாகிபிடம் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார். சந்தா சாகிப் வாக்கு மீறினார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். 1736இல் கதை முடிந்தது. ஏமாந்தவர் என்று மீனாட்சியை மட்டும் சொல்கிறோம். ஆற்காட்டுப் படையின் தயவில் அரியணை ஏறப் பார்த்தவர் வங்காருவும்தானே? காலியான கருவூலத்தையும் சிதறிய பாளையங்களையும் மீனாட்சி கையில் கொடுத்துவிட்டுப் போனவர் யார்? இருபத்தாறு ஆண்டு அலட்சியத்தின் கணக்கை நான்கு ஆண்டு ஆண்டவர் தலையில் கட்டுவது அநியாயம்.

6. கடைசியாக, இந்தப் புகழ்ச்சி அவருடைய தோல்வியையும் மறைக்கிறது.

மங்கம்மாள் தவறே செய்யாதவர் என்று நிறுவுவது என் வேலை இல்லை. 1702இல் அவர் ராமநாதபுரத்தின் மேல் படை அனுப்பினார். கிழவன் சேதுபதி கோட்டையைக் கல்லால் கட்டி, மறவர் படையைத் திரட்டி, கால் நூற்றாண்டுக்கும் மேல் ஊன்றி நின்றவர். மதுரைப் படை தோற்றது. திருவிதாங்கூரையும் தஞ்சையையும் வென்று கொடுத்த நரசப்பையா அந்தப் போரில் இறந்தார். அதற்குப் பிறகு சேதுநாடு மதுரைக்குக் கட்டுப்பட்டது என்று சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பாளையங்கள் மேலிருந்த பிடியும் அங்கிருந்துதான் தளர்கிறது என்பது என் கணிப்பு.

மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தின் மேல்கரையில், ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில், அம்மன் திருக்கல்யாண ஓவியம் இருக்கிறது. அதில் மங்கம்மாளும் இளம் விஜயரங்கரும் நிற்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், நிறம் மங்கியிருக்கிறது. தெய்வத்தின் கல்யாணத்தில், நாட்டின் பெயரால் நிற்க உரிமை உள்ளவர் யார் என்று அந்த ஓவியம் சொல்கிறது: பட்டத்துக்கு உரியவன் பேரன், ஆள்பவர் பாட்டி. அவர் காலத்து மதுரை அவரை வைத்த இடம் அது. நாம் அவரைத் தண்ணீர்ப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு, ஆட்சியைப் பற்றிய கேள்விகளை வேறு யாரிடமோ கேட்கிறோம்.

தமுக்கத்தில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போகிறார்கள். அங்கே கூட்டிவரும் ஆசிரியர்கள், இந்தக் கட்டடம் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால், வெற்றிலையை விட்டுவிட்டுக் காவிரி அணையைச் சொல்லட்டும். கொஞ்சம் பெரிய வகுப்பென்றால் 1702ஐயும் சொல்லி, சுல்பிகார் கானிடம் அவ்வளவு நிதானமாக நடந்துகொண்டவர் கிழவன் சேதுபதியிடம் ஏன் அப்படி நடந்துகொள்ளவில்லை என்று கேட்கட்டும். திருமலை நாயக்கரைப் பற்றியும் சொக்கநாதரைப் பற்றியும் நாம் கேட்கிற கேள்விகள் அந்த மாதிரிதான் இருக்கின்றன.